விளைந்தது வீணாகலாமா?

இல்லையே என்று ஏங்கும் இல்லங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம்; எழுதுகிறோம். ஆனால் மிஞ்சிவிட்டதே என்று திகைக்கும் இல்லங்களும் உண்டு. கொல்லையில் காய்த்துக் குலுங்கும் காய்களை என்ன செய்வதென்று அறியாமல், முற்றிப்போன வெண்டையையும் பழுத்து வெடித்த பாகலையும் குப்பையில் கொட்டிவிட்டு, மனம் உறுத்த நிற்கும் தாய்மார்கள் நம் பங்குகளில் பலர். சிறு பொருளாகத் தோன்றும் இதற்குள் பெரியதொரு வினா அடங்கியிருக்கிறது. இறைவன் நம் தேவைக்கு மேல் தருகிறார் என்றால், அந்த மேல்மிச்சம் யாருக்கு உரியது?

பூண்டு கற்பிக்கும் பாடம்

தேனி மாவட்டத்தில், பெரியகுளத்துக்கு அடுத்துள்ள வடுகபட்டி என்றதும் நினைவுக்கு வருவது பூண்டு. கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு, மலையிறங்கி இவ்வூர்ச் சந்தைக்கு வந்து, இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கிறது. அந்த மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வராக நதி பாயும் இவ்வூரின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்திருக்கும் உண்மை ஒன்று உண்டு. விளைவித்தால் மட்டும் போதாது, காக்கவும் தெரியவேண்டும். பூண்டைத் தாளோடு பிடுங்கி, காயவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கிறார்கள். மேல்தோல் காய்ந்து காகிதம்போல் ஆனபின் அதுவே பூண்டுக்குக் கவசமாகி, மாதக்கணக்கில் அதைக் காக்கிறது.

ஆனால் எல்லாக் காயும் பூண்டைப்போலப் பொறுமை உள்ளதன்று. வெண்டைக்காய் இன்று பிஞ்சு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நார். தக்காளி இன்று பழம். மூன்றாம் நாள் அழுகல். பூண்டை விற்கவும் வைக்கவும் அறிந்த அதே ஊரில், வீட்டுக் கொல்லையின் கத்தரியும் அவரையும் முருங்கையும் வீணாவது ஏன்? விற்பதற்குரிய விளைவுக்குக் கணக்கு வைக்கிறோம்; வீட்டுக்குரிய விளைவுக்குக் கணக்கு வைப்பதில்லை. காரணம் அவ்வளவுதான்.

முருங்கை பொழியும் பருவம்

இந்தப் பகுதியின் வீட்டுத்தோட்டங்களில் மிகுதிக்கு முதற்பெயர் முருங்கை. வடுகபட்டிக்கு அண்மையிலுள்ள பெரியகுளத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் 1989-இல் வெளியிட்ட ‘பி.கே.எம்.1’ என்னும் செடிமுருங்கை இன்று தமிழகமெங்கும், அயல்நாடுகளிலும் பரவி நிற்கிறது. இதன் மூலவித்து, தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. போத்து வெட்டி நடும் மரமுருங்கை நல்ல பலன் தரக் கூடுதல் காலம் ஆகும். இதுவோ விதைத்த ஆறாம் மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும். நன்கு பேணினால் ஒரு செடி ஆண்டுக்கு 200-க்கு மேற்பட்ட காய்களைத் தரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொல்லையில் நான்கு செடிகள் நிற்கின்றன. ஆண்டில் 800 காய்கள். இவற்றில் 600 காய்கள் உச்சப் பருவத்தின் நான்கு மாதங்களில் வந்துவிடுகின்றன என்று கொள்வோம். வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் முருங்கைக் குழம்பு, நாளுக்கு நான்கு காய் என்றாலும், அந்த நான்கு மாதங்களில் செலவாவது ஏறத்தாழ 200 காய்களே. எஞ்சிய 400 காய்கள் எங்கே போகும்? சந்தையிலும் அதே பருவத்தில் முருங்கை குவிந்து, விலை இறங்கியிருக்கும். ஆகவே காய்கள் மரத்திலேயே முற்றி, வெடித்து, கொல்லைத் தரையில் விழுந்து மக்குகின்றன.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 100 கோடி டன்னுக்கு மேற்பட்ட உணவு வீணாக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீணானது உணவு விடுதிகளிலும் கடைகளிலும் அன்று, இல்லங்களில். மறுபுறத்திலோ, 2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வு, தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டியது. ஒரு சுவரின் இப்பக்கம் முருங்கைக்கீரை உதிர்ந்து காய்கிறது. அப்பக்கம் ஒரு தாய் வெளுத்த முகத்தோடு நிற்கிறாள். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது அந்த ஒரே சுவர்தான்.

திருநூல் காட்டும் வழி

மிகுதியைக் குறித்துத் திருநூல் பேசாத காலமில்லை. பாலைநிலத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு மன்னா பொழிந்தபோது, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கும்படி கட்டளையிடப்பட்டது. பேராசையால் மறுநாளுக்கு ஒளித்துவைத்தவர்களின் மன்னாவில் புழு உண்டாயிற்று. ஆனால் அதே திருநூலில், எகிப்து நாட்டில் ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்துவைத்த சூசை, பஞ்சம் வந்தபோது பல நாட்டு மக்களைக் காப்பாற்றினார். ஒருவர் சேர்த்தது குற்றமாயிற்று. மற்றொருவர் சேர்த்தது அறமாயிற்று. வேறுபாடு எதில்? தனக்கென்று மூடிவைத்ததிலும், பிறர் பசிக்கென்று திறந்துகொடுத்ததிலுமே வேறுபாடு. விளைச்சல் பெருகியதும் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை இயேசு பெருமான் கூறியதும் இதற்காகவே. அவன் மதிகேடன் எனப்பட்டது விளைவித்ததற்காக அன்று. அந்த விளைவில் தன்னையன்றி வேறு எவரையும் காணாததற்காக.

அப்பங்கள் பலுகிய புதுமையை அருளப்பர் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவருக்கு, சிந்திய துண்டுகள் ஒரு பொருட்டா? ஆயினும் எதுவும் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. படைக்க வல்லவரே சிக்கனம் காட்டினார் என்றால், பெற்றுக்கொள்ளும் நாம் எப்படி இருக்கவேண்டும்? காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2013-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று ஆற்றிய உரையில், வீணாக்கப்படும் உணவு ஏழையின் பந்தியிலிருந்து திருடப்பட்டதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை வலியுறுத்தினார். இரண்டாண்டுகளுக்குப்பின் வெளியிட்ட சுற்றுமடலிலும் அக்கருத்தை மீண்டும் நினைவூட்டினார்.

ஆனால் மிகுதியைப் பற்றிய மிக நுட்பமான போதனை மோயீசனின் சட்டத்தில் இருக்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். திராட்சைத் தோட்டத்தில் ஒருமுறை பறித்தபின் மறுமுறை துழாவக்கூடாது. எஞ்சியது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அறுத்து, கட்டி, ஏழையின் வாசலில் கொண்டுபோய்ப் போடு என்று சட்டம் கூறவில்லை. அவர்களே வந்து பறித்துக்கொள்ளட்டும் என்கிறது. அது பிச்சை அன்று, உரிமை. கைநீட்டி நிற்கும் தாழ்வு அதில் இல்லை. ரூத் என்னும் ஏழைக் கைம்பெண் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியபோது, அவர் தம் வேலையாட்களிடம், அவள் கண்ணில் படும்படி சில கதிர்களை வேண்டுமென்றே நழுவவிடச் சொன்னார். கொடுத்ததுபோல் தோன்றாமல் கொடுத்த அந்தக் குடும்பத்தில்தான் பிற்காலத்தில் தாவீது அரசரும், நம் மீட்பரும் தோன்றினார்கள்.

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த நுட்பம் இருந்துவந்திருக்கிறது. அண்டை வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கைப்பிடிக் கீரையாவது, நான்கு மிளகாயாவது அதில் இருக்கும். வாங்கியவர் அடுத்த நாளே கொடுத்தவர் ஆகிவிடுகிறார். இந்தப் பண்பு குன்றாமல் மிகுதியைப் பகிர்வது எப்படி?

முதலாவது, நல்லதைக் கொடுக்கவேண்டும். நமக்குப் பிஞ்சு, பிறருக்கு முற்றல் என்று பிரிப்பது ஈகை ஆகாது. அது குப்பையை இடம் மாற்றுவது. ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது அவன் தன் மந்தையில் சிறந்ததைக் கொண்டுவந்ததால் என்பதை மறவாதிருப்போம்.

இரண்டாவது, காலத்தில் கொடுக்கவேண்டும். சமையல் முடிந்த பின் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் கத்தரிக்காய் அன்றைக்கு உதவாது. காலையில் பனி காயுமுன் பறித்து, அடுப்பு மூட்டுமுன் சேர்ப்பித்தால், அது அன்றைய குழம்பாகும்.

மூன்றாவது, அழைத்துக் கொடுக்கவேண்டும். “மரம் தாழ்ந்து நிற்கிறது அக்கா, தொரட்டியை எடுத்து நீங்களும் பறித்துக்கொண்டு எங்களுக்கும் நாலு பறித்துப் போட்டுவிடுங்கள்” என்று கூப்பிட்டால், வருபவர் கூசமாட்டார். அவர் நமக்கு உதவியதாகவே உணர்வார், உண்மையும் அதுதான். முருங்கைக்கிளை முறியும் இயல்புடையது; ஏறிப் பறிக்கச் சொல்வது ஆபத்து. தொரட்டியே போதும்.

நான்காவது ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தெருவில் கூடை சுமந்து காய்விற்கும் பெண்மணிக்கு நம் இலவசம் இழப்பாகிவிடக் கூடாது. தெரு முழுதும் இலவசமாக வெண்டைக்காய் கிடைக்கும் வாரத்தில், அவர் கூடை விலைபோகாமல் வீடு திரும்பும். ஆகவே வாங்கும் வசதியுள்ள வீடுகளுக்குச் சேரவேண்டியதை அவர் கையிலேயே கொடுத்து, விற்ற பணத்தில் அவருக்கொரு பங்கு விட்டுவிடலாம். வாங்க இயலாத வீடுகளுக்கு மட்டும் நேரே கொடுக்கலாம். சற்றே அதிகமான விளைச்சல் உடையவர்களுக்கு உழவர் சந்தையும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு மதுரையில் முதலாவது தொடங்கப்பட்ட அந்த ஏற்பாடு, இடைத்தரகர் இன்றி விவசாயிகள் விற்க வழிசெய்தது.

நாளைக்கென வைப்பது

பகிர்ந்தபின்னும் மிஞ்சுவதைக் காப்பது நம் பாட்டிமாரின் கலை. குளிர்ப்பெட்டி இல்லாத நாளில் அவர்கள் வெயிலையும் உப்பையும் புளிப்பையும் கொண்டே ஆண்டைக் கடத்தினார்கள். பூண்டுக்குச் சொன்ன அதே நியதிதான் இங்கும்: ஈரம் குறைந்தால் ஆயுள் கூடும்.

கொத்தவரை, அவரை முதலியவற்றை, உப்பும் சிறிது மஞ்சளும் இட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, நீர் வடித்து, வெள்ளைத்துணியில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி உலர்த்தவேண்டும். வெண்டையையும் பாகலையும் வட்டமாக நறுக்கலாம். சுண்டைக்காயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலுமாக, மோர் வற்றும் வரை மாற்றவேண்டும். மிளகாய்க்கும் இதே முறை. ஒடித்தால் ‘சடக்’ என்று ஒலி எழும் வரை காய்ந்ததே வத்தல். வளைந்தால் இன்னும் ஈரம் உண்டு, பூசணம் பிடிக்கும். வெயில் ஆறியபின், சூடு முற்றிலும் தணிந்த பிறகே பீங்கான் சாடியில் இடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் கெடும்.

முருங்கைக்கீரையை வெயிலில் காயவைக்கலாகாது. கழுவி, நீர் உதறி, நிழலில் காற்றாட உலர்த்தினால்தான் பச்சை நிறமும் வைட்டமின் ஏ சத்தும் பெரிதும் நிலைக்கும். இதைப் பொடியாக்கிக் காற்றுப்புகாத, வெளிச்சம்படாத பாத்திரத்தில் வைத்தால், பருப்பிலும் அடையிலும் குழந்தைகளின் தோசைமாவிலும் ஒரு கரண்டி கலந்துகொள்ளலாம். காயை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் சில நாட்கள் வாடாமல் இருக்கும்.

தக்காளி மிகுந்தால் தொக்கு. உப்பு, புளி, மிளகாய் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை கிளறி இறக்கவேண்டும். ஈரக்கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் அது எளிதில் கெடாது. பரங்கியும் நீர்ப்பூசணியும் தாமே காத்துக்கொள்ளும் காய்கள். நன்கு முற்றவிட்டு, காம்போடு அறுத்து, அடிபடாமல், கழுவாமல், வைக்கோல் மீதோ உறியிலோ வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

வடுகபட்டித் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சைப் பூண்டை உரித்து வெறும் எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பது தீங்கானது. காற்றில்லாத எண்ணெய்க்குள், புளிப்பு இல்லாத நிலையில், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கொடிய நச்சு உண்டாகக்கூடும். புளியோ எலுமிச்சைச் சாறோ காடியோ தாராளமாகச் சேர்த்து, நன்றாக வதக்கிச் செய்வதே முறையான பூண்டு ஊறுகாய்.

இவ்வளவுக்கும் தப்பி முற்றிப்போனவை? நன்கு விளைந்த வெண்டை, அவரைக் காய்களை விதைக்கென ஒதுக்கி, உலர்த்தி, பெயர் எழுதி முடிந்துவைக்கலாம். மற்றவை மாட்டுக்கும் கோழிக்கும். குப்பைக்குழி கடைசி இடம்; அங்கும் அது எருவாகி மண்ணுக்கே திரும்புகிறது. ஆனால் மனிதர் உண்ணவேண்டியதை முதலிலேயே குழியில் கொட்டிவிட்டு, எருவாகத்தானே போகிறது என்று ஆறுதல் கொள்வது முறையன்று.

பங்காகச் செய்யக்கூடியது

தனி வீட்டால் இயலாதது பங்கால் இயலும். நம் ஆலயங்கள் பலவற்றில், மக்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணியும் வாழைத்தாரும் தேங்காயும் திருப்பலிக்குப் பின் ஏலம் விடப்படுகின்றன. பத்து ரூபாய்ப் பூசணி நூறு ரூபாய்க்குப் போகும். அப்பணம் நற்பணிக்குச் செல்லும். இது நல்ல வழக்கமே. ஆனால் ஏலத்தில் குரல் எழுப்ப இயலாமல் கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அந்தப் பூசணி கிட்டுவதில்லை. ஆகவே ஏலக்கூடைக்கு அருகே இன்னொரு கூடையும் இருக்கட்டும். மிஞ்சியவர் அதில் இடுவர். வேண்டியவர் அதிலிருந்து எடுப்பர். இட்டவர் யார், எடுத்தவர் யார் என்று எவரும் எழுதிவைக்க வேண்டாம்.

புனித அந்தோனியார் பெயரால் ஏழைகளுக்கு அப்பம் வழங்கும் பக்திமுயற்சி 1890-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் தூலோன் நகரில் புத்துயிர் பெற்று உலகெங்கும் பரவியது. செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய பலிபீடத்தை நாடிச் செல்லும் நாம், அப்பத்தோடு ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் சேர்த்தால் புனிதர் வேண்டாம் என்பாரா? 1833-இல் பாரிஸ் நகரில் மாணவராயிருந்த ஒசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளின் இல்லங்களுக்கு நேரே சென்று சந்திப்பதையே தன் முதற்பணியாகக் கொண்டது. நம் பங்கிலும் அச்சபையினர் இருப்பின், எந்த வீட்டில் எத்தனை வயிறு என்பது அவர்களுக்குத் தெரியும். விளைந்தவர் பெயர்ப்பட்டியல் ஒன்றும், வேண்டியவர் பட்டியல் ஒன்றும் அவர்களிடம் இருந்தால், வழி தானே பிறக்கும். முதியோர் இல்லங்களும் அனாதை இல்லங்களும் காய்கறியை மறுப்பதில்லை. ஆனால் முன்னரே கேட்டு, அவர்களின் சமையல் நாளுக்கேற்பக் கொடுப்பது மரியாதை.

அடுத்த பட்டத்திற்கு முன்

மிகுதியின் ஒரு பகுதி, திட்டமின்மையால் வருவது. விதைப்பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதையும் ஒரே நாளில் தூவிவிடுகிறோம். எல்லாம் ஒரே வாரத்தில் காய்க்கின்றன. பின் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பாதி விதையை இன்று ஊன்றி, மறுபாதியை மூன்று வாரம் கழித்து ஊன்றினால், வெள்ளமும் வறட்சியுமாக இராமல் சீராக வரும். அண்டை வீட்டார் கத்தரி வைத்தால் நாம் அவரை வைப்போம். இரு வீட்டுக்கும் இரண்டும் கிட்டும். செடிமுருங்கையை முழங்காலுக்கு மேல், இடுப்பளவு வளர்ந்ததும் நுனி கிள்ளினால் பக்கக்கிளைகள் பரவி, கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். ஓராண்டுப் பலன் முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நான்கு செடிகளையும் ஒரே நாளில் வெட்டாமல் மாதம் விட்டு மாதம் வெட்டினால், காய்ப்பும் ஒரேயடியாகக் குவியாமல் பகிர்ந்து வரும்.

அன்பான குடும்பத்தினரே! உணவுக்கு முன் நாம் சொல்லும் செபத்தில், தந்தருளிய உணவுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அந்த நன்றி கொல்லைப்புறத்திலும் தொடரவேண்டும். இந்த வாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவாருங்கள். எது இன்றைக்கு, எது அடுத்த வீட்டுக்கு, எது சாடிக்கு, எது விதைக்கு என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு, பறிக்காமல் விடவேண்டிய ஒரு கிளையையும் அவர்களே தெரிந்தெடுக்கட்டும்: சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. அது நம்முடையது அன்று என்று குழந்தைகள் கற்றுக்கொண்டால், மறைக்கல்வி வகுப்பில் படித்த ரூத்தின் கதையை அவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.